டிராய்க் காவியங்களுக்குள் நுழைய ஒரு வழி: அந்திரோமகியைப் பின்தொடருங்கள்

இலியட்டில் மரக்குதிரை கிடையாது. அக்கிலீஸ் அம்பு பட்டுச் சாவதும் டிராய் நகரம் எரிவதும் அதில் இல்லை. இவற்றையெல்லாம் எதிர்பார்த்து ஹோமரைக் கையில் எடுக்கிறவர்கள் கால்வாசி தாண்டுவதற்குள் சோர்ந்துபோகிறார்கள். எதைத் தேடிப் படிப்பது என்று தெரிந்திருந்தால் அந்தச் சோர்வு வராது.

ஹோமரின் இலியட், ஒடிசி, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் ஆகிய மூன்றையும் முதன்முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. வென்ற வீரர்களின் பின்னால் போகாதீர்கள். தோற்ற ஊரைச் சேர்ந்த அந்திரோமகியைப் பிடித்துக்கொண்டு போங்கள். டிராய் இளவரசன் ஹெக்டரின் மனைவி அவள். மிகச் சில இடங்களில்தான் வருகிறாள், ஆனால் அவளைப் பின்தொடர்ந்தால் இந்தக் காவியங்கள் போரை எந்தக் கண்ணால் பார்க்கின்றன என்பது விளங்கிவிடும்.

முதல் படி: முடிவைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

தெருக்கூத்தில் பாரதக் கதை பார்க்க உட்காருகிறவர்களுக்குத் துரியோதனன் விழுவான் என்பது முன்பே தெரியும். ஹோமரைக் கேட்டவர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பார்ட்டா மன்னன் மெனெலாஸின் மனைவி ஹெலனை டிராய் இளவரசன் பாரிஸ் தன் ஊருக்குக் கொண்டுபோகிறான். மெனெலாஸின் அண்ணன் அகமெம்னான் தலைமையில் கிரேக்கர்கள் கப்பலேறி வந்து டிராயைப் பத்து ஆண்டுகள் முற்றுகையிடுகிறார்கள். பத்தாம் ஆண்டில் கிரேக்கர்களின் தலைசிறந்த வீரன் அக்கிலீஸ், டிராயின் காவலனான ஹெக்டரைக் கொல்கிறான். பிறகு பாரிஸின் அம்பால் அக்கிலீஸ் சாகிறான். கிரேக்க வீரன் ஒடிசியஸின் தந்திரப்படி மரக்குதிரைக்குள் வீரர்கள் ஒளிந்துகொள்ள, நகரம் உள்ளிருந்தே பிடிபடுகிறது. ஆண்கள் கொல்லப்படுகிறார்கள், பெண்கள் அடிமைகளாகப் பங்கிடப்படுகிறார்கள். ஒடிசியஸ் வீடு போய்ச் சேர இன்னும் பத்து ஆண்டுகள் ஆகின்றன. டிராய் தரப்பில் தப்பிய ஈனியஸ் கடல் கடந்து இத்தாலி போகிறான்.

இந்த நீண்ட கதையில் இலியட் எடுத்துக்கொள்வது பத்தாம் ஆண்டின் ஏறத்தாழ ஐம்பது நாள்களை மட்டுமே. அதிலும் போர் நடப்பது நான்கு நாள்கள்தான். காவியத்தின் முதல் சொல்லே கோபம். அக்கிலீஸின் கோபம் எப்படி மூண்டது, எத்தனை பேரை விழுங்கியது, எப்படித் தணிந்தது என்பதுதான் 24 காண்டங்களின் பொருள். போரின் மற்ற பகுதிகளைப் பாடிய பழைய கிரேக்கக் காவியங்கள் அழிந்துவிட்டன. அவற்றின் சுருக்கமும் சில துண்டு வரிகளுமே மிஞ்சியிருக்கின்றன.

இரண்டாம் படி: மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கப்போகிறோம். எந்த மொழிபெயர்ப்பு என்பதை அவசரப்படாமல் முடிவு செய்யுங்கள். தேர்வு தவறினால் காவியமே சலிப்பானது என்று தோன்றிவிடும்.

உரைநடையில் வேகமாகப் படிக்க விரும்பினால் இ. வி. ரியூவின் மொழிபெயர்ப்பு நல்லது. 1946இல் வெளிவந்த அவருடைய ஒடிசியோடுதான் பெங்குவின் கிளாசிக்ஸ் வரிசையே தொடங்கியது. கவிதையாக, வாய்விட்டுப் படிக்க ஏற்ற நடை வேண்டுமென்றால் ராபர்ட் ஃபேகிள்ஸ். மூன்று காவியங்களையும் அவர் மொழிபெயர்த்திருப்பதால் ஒரே குரலில் தொடர்ந்து படிக்கலாம். கிரேக்க மூலத்தை வரிக்கு வரி நெருங்கிப் போக வேண்டும் என்பவர்களுக்கு 1951இல் வந்த ரிச்மண்ட் லாட்டிமோரின் இலியட். எமிலி வில்சனின் மொழிபெயர்ப்புகள் (ஒடிசி 2017, இலியட் 2023) தெளிவானவை. ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாதவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இவற்றைத்தான்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் சாமுவேல் பட்லரின் உரைநடை படிக்க எளிது. ஆனால் அவர் கிரேக்கத் தெய்வங்களுக்கு ரோமானியப் பெயர்களைச் சூட்டியிருக்கிறார். ஒடிசியஸ் அதில் யுலிசீஸ் ஆகிவிடுவான். கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் இலியட்டும் கவிஞர் டிரைடனின் ஈனியட்டும் ஆங்கில இலக்கியத்தில் பெரும் பேர் பெற்றவை என்றாலும் அவற்றில் தொடங்க வேண்டாம். பழைய ஆங்கில நடையோடு மல்லுக்கட்டுவதிலேயே உங்கள் தெம்பு போய்விடும்.

மூன்றாம் படி: பெயர்களுக்கு ஒரு சீட்டு

அரைத்தாளில் பெயர்களை எழுதி நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஹோமரில் கிரேக்கர்களுக்கு அக்கேயர், ஆர்கைவ்கள், டேனாயர் என்று மூன்று பெயர்கள் வரும். மூன்றும் ஒரே கூட்டம்தான். டிராய்க்கு இலியன் என்றும் பெயர். பாரிஸ் பல இடங்களில் அலெக்சாண்டர் என்று அழைக்கப்படுவான். வெர்ஜிலுக்குப் போகும்போது தெய்வப் பெயர்கள் மாறும்: ஜீயஸ் ஜூபிட்டராகவும், ஹீரா ஜூனோவாகவும், அதீனா மினெர்வாவாகவும், அஃப்ரோடைட்டி வீனஸாகவும் வருவார்கள். இதற்கு மேல் மனப்பாடம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு முறை தோன்றிச் சாகிற வீரர்களின் பெயர்களை நினைவில் வைக்க முயலாதீர்கள். அந்தப் பெயரோடு அவன் ஊர், தந்தை, ஆடு மேய்த்த மலை என்று ஒரு வரி வரும். அந்த வரியை மட்டும் கவனித்துப் படியுங்கள்.

நான்காம் படி: இலியட்டின் முதல் சுற்று, எட்டுக் காண்டங்கள்

இலியட் ஏறத்தாழ 15,700 வரிகள் கொண்டது. முதல் சுற்றில் 1, 3, 6, 9, 16, 18, 22, 24 ஆகிய காண்டங்களை மட்டும் படியுங்கள். வாரத்துக்கு இரண்டு என்றால் ஒரு மாதம். இடையில் விட்டவற்றுக்குப் பதிப்பின் முன்னுரையில் உள்ள சுருக்கம் போதும். இப்படித் தாவிப் படிப்பது காவியத்துக்கு இழைக்கும் குற்றம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதியில் மூடி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

முதல் காண்டத்தில் சண்டை தொடங்குவது எதிரிகளுக்கிடையே அல்ல, கிரேக்கர்களுக்குள்ளேயே. அப்பல்லோ தெய்வத்தின் பூசாரி தன் மகள் கிரைசிஸை மீட்டுப் போக வருகிறார். அகமெம்னான் அவரை விரட்டுகிறான். அப்பல்லோவின் சினத்தால் கொள்ளைநோய் பரவுகிறது. அவளைத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் வந்ததும் அகமெம்னான், அக்கிலீஸுக்குப் பங்காகக் கிடைத்த பிரைசிஸ் என்ற பெண்ணைப் பறித்துக்கொள்கிறான். அக்கிலீஸ் போரிலிருந்து விலகுகிறான். இந்த இடத்தில் 366ஆம் வரியை ஒட்டி அக்கிலீஸ் தன் தாயிடம் சொல்வதைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். ஈத்தியோனின் ஊரான தீபேயைச் சூறையாடியபோது பிடிபட்டவள்தான் கிரைசிஸ் என்கிறான். ஈத்தியோன் யார் என்பது ஆறாம் காண்டத்தில் தெரியும்: அந்திரோமகியின் தந்தை. காவியத்தை இயக்குகிற அந்தச் சச்சரவே அவள் பிறந்த ஊரின் கொள்ளைப்பொருளைப் பங்கிட்டதில் வந்தது!

மூன்றாம் காண்டத்தில் ஹெலனைச் சந்திப்பீர்கள். தன்னை முன்னிட்டு நடக்கும் போரையே அவள் துணியில் நெய்துகொண்டிருக்கிறாள்.

ஆறாம் காண்டத்தின் பின்பாதியை மெதுவாக, முடிந்தால் இரண்டு முறை படியுங்கள். போர்க்களத்திலிருந்து ஊருக்குள் வந்த ஹெக்டர் மனைவியைத் தேடுகிறான். வீட்டில் அவள் இல்லை. கோட்டை வாயிலருகே சந்திக்கிறார்கள். தாதியின் கையில் குழந்தை அஸ்தியானக்ஸ். என் தந்தையையும் ஏழு சகோதரர்களையும் அக்கிலீஸ் கொன்றுவிட்டான், இப்போது எனக்குத் தந்தையும் தாயும் சகோதரனும் கணவனும் நீதான் என்கிறாள் அந்திரோமகி. டிராய் ஒருநாள் அழியும் என்பது தனக்கும் தெரியும் என்கிறான் ஹெக்டர். பெற்றோருக்கும் சகோதரர்களுக்கும் நேரப்போவதைவிட, அவளை எவனோ ஒருவன் இழுத்துக்கொண்டு போவதும், அவள் வேற்றூரில் யாருக்காகவோ நெய்வதும் தண்ணீர் சுமப்பதும்தான் தன்னை வாட்டுகிறது என்கிறான். பிறகு குழந்தையை நோக்கிக் கை நீட்டுகிறான். வெண்கலத் தலைக்கவசத்தையும் அதன் உச்சியில் ஆடுகிற குதிரைமயிரையும் பார்த்துக் குழந்தை வீறிட்டுத் தாதியின் மார்பில் ஒடுங்குகிறது. பெற்றோர் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கி முத்தமிடுகிறான்.

இன்னொன்றையும் அவள் பேச்சில் கவனியுங்கள். தன் தந்தையைக் கொன்ற அக்கிலீஸ், உடலைக் கொள்ளையிடாமல் கவசத்தோடு எரித்துக் கல்லறை மேடு எழுப்பினான் என்கிறாள். 22ஆம் காண்டத்தில் ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுக்கும்போது அந்த வரி நினைவுக்கு வர வேண்டும். கோபம் அவனை எவ்வளவு தூரம் கீழே இறக்கியிருக்கிறது என்பதை ஹோமர் அறிவுரையாகச் சொல்லவில்லை. முன்பு எப்படி இருந்தான் என்பதை எதிரியின் மகள் வாயால் சொல்ல வைத்துவிட்டார்.

ஒன்பதாம் காண்டத்தில் அக்கிலீஸைச் சமாதானப்படுத்தத் தூதர்கள் வருகிறார்கள். அவன் யாழ் மீட்டிப் பாடிக்கொண்டிருக்கிறான். அந்த யாழும் ஈத்தியோனின் ஊரில் கொள்ளையடித்ததுதான். அகமெம்னான் தருவதாகச் சொன்ன பரிசுப் பட்டியலை ஒடிசியஸ் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கிறான். அவன் விட்டுவிடுவது அகமெம்னானின் கடைசி வார்த்தைகளை மட்டும்: நான் பெரிய அரசன், அவன் எனக்குப் பணியட்டும் என்பதை. திரும்பத் திரும்ப வரும் வரிகளைத் தாண்டிப் போகக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பதினாறில், அக்கிலீஸின் கவசத்தை அணிந்து போருக்குப் போன நண்பன் பாட்ரோகுளஸ் ஹெக்டர் கையால் சாகிறான். பதினெட்டில் அக்கிலீஸின் துயரமும், ஹெஃபைஸ்டஸ் தெய்வம் அவனுக்குச் செய்து தரும் கேடயமும். உழவு, திராட்சை அறுவடை, வழக்குமன்றம், நடனம் என்று ஒரு முழு உலகமே அந்தக் கேடயத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இருபத்திரண்டில் ஹெக்டர் சாகிறான். மதிலின் மேல் தாயும் தந்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்திரோமகிக்கு மட்டும் தெரியாது. வீட்டின் உள்ளறையில் நெய்துகொண்டே, கணவன் வந்ததும் குளிக்க வெந்நீர் வைக்கச் சொல்கிறாள் பணிப்பெண்களிடம். அழுகுரல் கேட்டதும் தறியின் நாடா கையிலிருந்து நழுவுகிறது.

இருபத்திநான்கு காவியத்தின் சிகரம். ஹெக்டரின் தந்தையும் டிராய் மன்னருமான கிழவர் பிரியம் இரவில் எதிரியின் பாசறைக்குள் போய், தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, உன் தந்தையை நினைத்துப்பார் என்கிறார். இருவரும் அழுகிறார்கள்: ஒருவர் மகனுக்காக, மற்றவன் தந்தைக்காகவும் பாட்ரோகுளஸுக்காகவும். அழுதபின் சேர்ந்து உண்கிறார்கள். உடலோடு பிரியம் ஊர் திரும்புகிறார். மூன்று பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். முதலில் அந்திரோமகி. பிள்ளையை யாராவது மதிலிலிருந்து தூக்கி எறிவார்கள் என்று அவள் அப்போதே அஞ்சுகிறாள். கிரேக்கர்கள் போற்றிய காவியம் டிராய்க்காரனின் இறுதிச் சடங்கோடு முடிகிறது.

இரண்டாம் காண்டத்தின் கப்பல் பட்டியலை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்றாலும் 695 முதல் 710 வரையுள்ள வரிகளை மட்டும் பாருங்கள். முதலில் கரையில் குதித்து முதலில் செத்த புரோட்டெசிலாஸின் பெயர் அங்கே வருகிறது. ஊரில் அவன் மனைவி முகத்தைப் பிறாண்டிக்கொண்டு அழ, வீடு பாதி கட்டியபடி நிற்கிறது.

ஐந்தாம் படி: படிக்கும்போது வரும் தடைகள்

விரைந்த கால் அக்கிலீஸ், மின்னும் தலைக்கவச ஹெக்டர், ரோஜா விரல் வைகறை என்று அடைமொழிகள் ஓயாமல் வரும். 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளர் யூகோஸ்லாவியாவில் எழுத்தறியாத பாடகர்களைப் பதிவு செய்தார். ஆயத்தத் தொடர்களின் துணையோடு ஒரு நெடுங்கதையை மேடையிலேயே கட்டிப் பாட முடியும் என்பது அதில் தெளிவானது. ஹோமரின் அடைமொழிகளும் அப்படிப்பட்ட வாய்மொழி மரபிலிருந்து வந்தவை. இதே பார்வையில் சங்கப் பாடல்களை ஆராய்ந்தவர் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி. பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று அவர் எழுதிய ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. புறநானூறு படித்தவர்கள் ஹோமரோடு சேர்த்துப் படிக்க வேண்டிய நூல் அது.

உவமைகளை அவசரமாகத் தாண்டாதீர்கள். பன்னிரண்டாம் காண்டத்தில் இரு படைகளும் சமபலத்தில் நிற்பதைச் சொல்ல, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூலி சம்பாதிப்பதற்காகக் கம்பளி நூலைத் தராசில் சரிபார்க்கும் ஏழைப் பெண் ஒருத்தியைக் காட்டுகிறார் ஹோமர். போர்க்களத்தின் நடுவே இப்படி வீடும் வயலும் வந்துகொண்டே இருக்கும்.

தெய்வங்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற எரிச்சல் வரலாம். அவர்கள் சாகாதவர்கள், அதனால் எதையும் இழக்காதவர்கள். மனிதர்களின் செயலுக்குக் கனம் வருவது அவர்கள் சாகப்போகிறவர்கள் என்பதால்தான். பதினாறாம் காண்டத்தில் ஜீயஸ் தன் மகன் சார்ப்பிடன் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்கிற இடம் போன்ற சிலவே விதிவிலக்கு.

இந்தப் போர் உண்மையில் நடந்ததா என்ற கேள்வியில் சிக்கி நின்றுவிடாதீர்கள். துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் 1870களில் ஹைன்ரிக் ஷ்லீமன் தோண்டிய இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நகரங்கள் கிடைத்தன. அது 1998 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம். அங்கே ஒரு பெரிய நகரம் இருந்ததும் அது அழிந்ததும் உறுதி. ஹெலனும் ஹெக்டரும் வாழ்ந்ததற்கு அந்த மண்ணில் சான்று இல்லை.

ஆறாம் படி: ஒடிசியில் எட்டாம் காண்டம்

ஒடிசி தானாகவே உங்களை இழுத்துச் சென்றுவிடும். 12,100 வரிகள்தான், முழுதும் படியுங்கள். எட்டாம் காண்டத்தில் மட்டும் நின்று நிதானியுங்கள். வேற்று நாட்டு அரசவையில் பெயர் சொல்லாமல் அமர்ந்திருக்கும் ஒடிசியஸ், பார்வையற்ற பாடகர் டெமோடோகஸிடம் மரக்குதிரைக் கதையைப் பாடச் சொல்கிறான். தன்னுடைய வெற்றியைத்தான் பாடச் சொல்கிறான். கேட்டதும் அழுகிறான். எப்படி? ஊரைக் காக்கப் போரிட்டு விழுந்த கணவனின் உடல்மேல் விழுந்து கதறும் பெண்ணைப் போல, பின்னாலிருந்து எதிரிகள் ஈட்டியால் குத்தி அடிமையாக இழுத்துப் போக அவள் அழுவதைப் போல. அந்திரோமகியின் பெயர் அங்கே வரவில்லை. ஆனால் வென்றவன் அழுவது தோற்றவளின் அழுகையைத்தான்.

பதினொன்றாம் காண்டத்தில் இறந்தோர் உலகில் அக்கிலீஸ் பேசுவதை, இலியட் ஒன்பதில் அவன் பேசியதோடு ஒட்டவைத்துப் படியுங்கள். செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட நிலமில்லாத ஒருவனிடம் கூலியாளாக உயிரோடிருப்பது மேல் என்கிறான்.

ஏழாம் படி: ஈனியட்

வெர்ஜில் (கி.மு. 70–19) ஹோமருக்கு ஏழு நூற்றாண்டுகள் போலப் பிந்தியவர். எழுதி, அடித்து, திருத்திச் செதுக்கியவர். 12 காண்டங்களில் 9,900 வரிகளுக்குச் சற்றுக் குறைவு. திருத்தி முடிக்காமலே இறந்தார். அதனால் சில வரிகள் பாதியில் நிற்கும், அச்சுப்பிழை என்று எண்ணிவிடாதீர்கள்.

முதல் நான்கு காண்டங்களை ஒரே மூச்சில் படிக்கலாம். மரக்குதிரையின் கதை விரிவாகக் கடைசியில் இரண்டாம் காண்டத்தில்தான் வருகிறது, அதுவும் குதிரையை ஊருக்குள் இழுத்தவர்களில் தப்பிய ஒருவன் சொல்லும் கதையாக. அந்த இரவில் அக்கிலீஸின் மகன் நியோப்டோலெமஸ் (பிர்ரஸ் என்றும் சொல்வார்கள்) பிரியமின் கண்ணெதிரே அவர் மகனைக் கொல்கிறான். கிழவர் சொல்கிறார்: உன் தந்தை இப்படி இல்லை, ஹெக்டரின் உடலை எனக்குத் திருப்பித் தந்தான். இலியட்டின் கடைசிக் காண்டத்தைப் படிக்காமல் இங்கே வந்தவர்களுக்கு இந்த வரியின் வலி பாதிதான் தெரியும்.

மூன்றாம் காண்டத்தில் ஈனியஸ் எபைரஸ் கரையில் இறங்குகிறான். அங்கே ஹெக்டருக்காக எழுப்பிய வெறுங்கல்லறையருகே ஒரு பெண் நீர்க்கடன் செய்துகொண்டிருக்கிறாள். அந்திரோமகி. நியோப்டோலெமஸுக்கு அடிமையாகப் போய், பிள்ளை பெற்று, பிறகு ஹெக்டரின் சகோதரன் ஹெலெனஸுக்குக் கொடுக்கப்பட்டவள். இப்போது சின்னதாகக் கட்டிய ஒரு டிராயில் வாழ்கிறாள். ஈனியஸின் மகனுக்குத் தன் கையால் நெய்த துணியைத் தந்து, கண்ணும் கையும் முகமும் அஸ்தியானக்ஸைப் போலவே இருக்கிறது, இருந்திருந்தால் உன் வயதுதான் என்கிறாள். பல பாடத்திட்டங்கள் மூன்றாம் காண்டத்தைத் தாண்டி நேராகக் கார்த்தேஜ் அரசி டைடோவின் காதலுக்குப் போய்விடுகின்றன. நீங்கள் தாண்டாதீர்கள்.

பிற்பாதியில் ஈனியஸே இத்தாலியில் படையெடுத்து வந்தவனாக நிற்கிறான். கடைசிக் காண்டத்தில் வீழ்ந்து கிடக்கும் இத்தாலிய எதிரி டர்னஸ், பிரியம் கேட்டதுபோலவே, உன் தந்தையை நினைத்துப்பார் என்று கெஞ்சுகிறான். ஈனியஸ் ஒரு கணம் தயங்குகிறான், பிறகு குத்திவிடுகிறான். காவியம் அங்கேயே நின்றுவிடுகிறது. இலியட் 24ஐப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு இந்தக் கடைசி முப்பது வரிகளைப் படியுங்கள்.

இதன் பிறகு

இலியட்டை முதலிலிருந்து முழுதாக எடுங்கள். இரண்டாம் சுற்றில் போர்க் காண்டங்கள் முன்பு தோன்றியதைப் போல நீளமாகத் தோன்றாது. அதோடு யூரிப்பிடிஸின் டிராய் நாட்டுப் பெண்கள் நாடகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கி.மு. 415இல் ஏதென்ஸில் மேடையேறியது, ஒரே மாலையில் படித்துவிடலாம். அந்திரோமகி இலியட்டில் அஞ்சியது அதில் நடக்கிறது. அக்கிலீஸின் சாவையும் குதிரையையும் வரிசையாக அறிய விரும்பினால் ஸ்மிர்னாவைச் சேர்ந்த குவின்டஸ் கிரேக்க மொழியில் பாடிய 14 காண்டங்கள் இருக்கின்றன. கவிதையாக ஹோமருக்கு ஈடில்லை என்றாலும், இலியட்டுக்கும் ஒடிசிக்கும் இடையிலுள்ள கதையை முழுமையாகச் சொல்லும் பழைய காவியமாக நம் கைக்கு வந்திருப்பது அதுதான்.